பங்கும் தடைக்காலமும்: தலைமை நிர்வாகிகளின் ஊதியச் சீர்திருத்தம் குறித்து ஒரு மறுப்பு

பெருநிறுவனங்களை நடத்துவோர் அடுத்த காலாண்டுக் கணக்குக்கு அப்பால் எதையும் பார்ப்பதில்லை என்ற குறையைச் சொல்லாத வணிக இதழ் இன்று இல்லை. அக்குறைக்கு எழுதித் தரப்படும் மருந்தும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. தலைமை நிர்வாகியின் ஊதியத்தில் ரொக்கத்தைக் குறைத்து நிறுவனத்தின் பங்குகளைக் கூட்ட வேண்டும், அப்பங்குகளை ஐந்தாண்டோ பத்தாண்டோ விற்க விடாமல் பூட்டி வைக்க வேண்டும், இடையில் தவறு வெளிப்பட்டால் கொடுத்ததைத் திரும்பப் பெறும் உரிமையை நிறுவனம் தன்னிடம் வைத்துக்கொள்ள வேண்டும்; இவ்வளவையும் செய்துவிட்டால் அவர் வாடகைக்குக் குடியிருப்பவரைப் போலன்றிச் சொந்த வீட்டுக்காரரைப் போல நடந்துகொள்வார், மழை வருமுன்பே ஓடு மாற்றும் வீட்டுக்காரரின் அக்கறை அவருக்கும் வந்துவிடும் என்பது மருந்தை எழுதுவோரின் நம்பிக்கை. கேட்ட மாத்திரத்தில் இது சரியென்றே படுவதால் இதை உரசிப் பார்ப்பவர் குறைவு.

இந்த நம்பிக்கையின் வேர் 1976இல் மைக்கேல் ஜென்சனும் வில்லியம் மெக்லிங்கும் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இருக்கிறது. பணம் போட்டவர் ஒருவர், அதைக் கையாள்பவர் வேறொருவர் என்றாகும்போது கையாள்பவர் தம் நலத்தையே முன்வைப்பார் என்பதையும், அதனால் விளையும் இழப்பைக் கணக்கிட முடியும் என்பதையும் அவர்கள் காட்டினர். பொருளியலார் இதை முகவர் சிக்கல் என்பர். 1990இல் ஜென்சனும் கெவின் மர்ஃபியும் இதை மேலும் ஒரு படி நகர்த்தி, நிர்வாகிக்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்பதைவிட எந்த வடிவில் கொடுக்கிறோம் என்பதே பெரிது என்று வாதிட்டனர். மூன்றாண்டுகளுக்குள் அமெரிக்க வரிச்சட்டம் அந்த வாதத்தைக் கையில் எடுத்தது. தலைமை நிர்வாகியின் சம்பளத்தில் 10 இலட்சம் டாலருக்கு மேற்பட்ட பகுதியை நிறுவனம் வரிக்கணக்கில் செலவாகக் கழிக்கக் கூடாது, செயல்திறனோடு இணைந்த ஊதியமாக இருந்தால் கழிக்கலாம் என்று 1993இல் விதிக்கப்பட்டது. சம்பளத்தை அடக்கப் பிறந்த அவ்விதி பங்கு விருப்புரிமைகளுக்கு மதகைத் திறந்துவிட்டது. பங்கு விருப்புரிமை என்பது இன்று குறிக்கப்பட்ட விலைக்குப் பின்னாளில் பங்கை வாங்கிக்கொள்ளும் உரிமை. விலை ஏறினால் நிர்வாகிக்கு ஆதாயம், இறங்கினால் அவர் அந்த உரிமையைப் பயன்படுத்தாமல் விட்டுவிடுவார், அவ்வளவுதான். அந்த வரிவிலக்கை நீக்க அமெரிக்காவுக்கு 2017 வரை ஆயிற்று.

2008இன் நிதி நெருக்கடியில் இந்தக் கொள்கை செத்திருக்க வேண்டும். ஆனால் அது உடை மாற்றிக்கொண்டு திரும்பி வந்தது. பங்கு கொடுத்ததில் பிழையில்லை, அதை விரைவில் விற்க விட்டதில்தான் பிழை என்று திருத்தம் சொல்லப்பட்டது. நார்வே நாட்டு எண்ணெய் வருவாயை முதலீடு செய்யும் நிதியம், தலைமை நிர்வாகியின் ஊதியத்தில் கணிசமான பகுதியை ஐந்து முதல் பத்தாண்டுகள் பூட்டப்பட்ட பங்குகளாக வழங்க வேண்டும் என்று 2017இல் தன் நிலைப்பாட்டை வெளியிட்டது. பிரிட்டனின் 2018ஆம் ஆண்டு நிறுவன நிர்வாக நெறிமுறை, பங்குகள் கைக்கு வரும் காலமும் அவற்றை வைத்திருக்க வேண்டிய காலமும் சேர்ந்து ஐந்தாண்டுக்குக் குறையலாகாது என்றது. இந்திய ரிசர்வ் வங்கி 2019 நவம்பரில் தனியார் வங்கிகளுக்கு விதித்த நெறிகளும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை: தலைமை அதிகாரியின் மொத்த ஊதியத்தில் குறைந்தது பாதி, செயல்திறனுக்கேற்ப மாறுவதாக இருக்க வேண்டும், அந்த மாறும் பகுதி நிலையான ஊதியத்தின் மூன்று மடங்கைத் தாண்டக் கூடாது, அதில் குறைந்தது 60 விழுக்காடு மூன்றாண்டுகளுக்கேனும் ஒத்திவைக்கப்பட வேண்டும், இழப்பு வெளிப்பட்டால் நிறுத்திவைக்கவும் திரும்பப் பெறவும் வழி இருக்க வேண்டும்.

எதிர்த்தரப்பின் வலுவான சான்றை மறைத்துவிட்டு வாதிடுவதில் பெருமை இல்லை. அமெரிக்க நிதி அதிகாரிகள் சுமார் 400 பேரிடம் கிரஹாம், ஹார்வி, ராஜ்கோபால் ஆகியோர் நடத்தி 2005இல் வெளியிட்ட ஆய்வில், காலாண்டு இலாப எதிர்பார்ப்பை எட்டுவதற்காக நல்ல முதலீட்டைக் கூடத் தள்ளிப்போடத் தயங்க மாட்டோம் என்று பாதிக்கு மேற்பட்டோர் ஒப்புக்கொண்டனர். நிர்வாகியின் பங்குகள் பெருமளவில் கைக்கு வரும் காலத்தை ஒட்டி ஆராய்ச்சிச் செலவு வெட்டப்படுவதை அலெக்ஸ் எட்மன்ஸும் உடனாய்வாளர்களும் 2017இல் காட்டினர். ஆகவே பங்கை விரைவில் விற்க விடுவது ஒருவகைக் கேட்டைத் தூண்டுகிறது என்பதில் ஐயமில்லை, பூட்டின் காலத்தை நீட்டினால் அந்தக் கேடு குறையும் என்பதையும் ஏற்கலாம். ஆனால் ஒரு தீய தூண்டுதலை நீக்குவது வேறு, நெடுநோக்கை உண்டாக்குவது வேறு. மதுக்கடையை ஊருக்கு வெளியே தள்ளி வைத்தால் குடி சற்றுக் குறையலாம். அதனால் ஊரில் பள்ளிக்கூடம் முளைத்துவிடாது. இங்கே மறுக்கப்படுவது, பூட்டப்பட்ட பங்கு நிர்வாகியின் கண்ணை முப்பதாண்டுக்கு அப்பால் திருப்பிவிடும் என்ற இரண்டாவது கூற்று.

பங்கு என்ற சொல் காரைக்கால் மாவட்டத்தின் கடற்கரைக் கிராமங்களில் பங்குச் சந்தையைவிடப் பழையது. கோட்டுச்சேரி கொம்யூனைச் சேர்ந்த கோட்டுச்சேரிமேட்டிலும், காளிக்குப்பம், கிளிஞ்சல்மேடு, காசாக்குடிமேடு முதலிய ஊர்களிலும் கடலுக்குப் போய் வரும் தொழிலாளிக்கு மாதச் சம்பளம் என்ற வழக்கம் பெரும்பாலும் இல்லை. பிடித்த மீன் ஏலம் போன பணத்தில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் சாமான் ஆகியவற்றின் செலவைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பங்கு பிரிப்பார்கள். படகுக்கும் வலைக்கும் உரிய பங்கு உடைமையாளருக்கு, ஆள்பங்கு கடலில் உழைத்தவர்களுக்கு. விகிதம் படகுக்குப் படகு, தொழிலுக்குத் தொழில் மாறும். ஜென்சனும் மர்ஃபியும் கனவு கண்ட ஊதிய முறை இதுதான்: நிலையான சம்பளம் ஏதுமில்லை, விளைச்சலோடு முழுமையாக இணைந்த வருவாய், இழப்பிலும் பங்கு. அதிலும் அங்கே உழைப்பவர் ஊரைவிட்டுப் போகிறவரல்லர். அவருடைய மகனும் பேரனும் அதே கடலைத்தான் நம்பியிருக்கிறார்கள். வங்கி அதிகாரிக்கு ஐந்தாண்டுப் பூட்டுப் போட்டு வரவழைக்க நினைக்கும் நீண்டகால நலன் மீனவருக்குப் பிறப்பிலேயே அமைந்திருக்கிறது.

அப்படியிருந்தும் வங்கக் கடலின் மீன்வளம் பங்கு முறையால் காப்பாற்றப்படவில்லை. ஒருவர் இன்று பிடிக்காமல் விட்ட குஞ்சு மீனை நாளை அடுத்த படகு பிடித்துக்கொள்ளும் என்பதால், பொறுத்திருப்பவரே ஏமாளியாகிறார். பேரனை நினைத்து வலையை மடித்து வைப்பவரின் பேரனுக்கு அதனால் ஒன்றும் கிடைப்பதில்லை. மீன்வளம் ஓரளவேனும் காக்கப்பட்டிருக்கிறதென்றால் அதற்குக் காரணம் தடை. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் பருவத்தில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லக் கூடாது என்ற தடைக்காலம் இக்கடற்கரையில் 2001இல் 45 நாளாகத் தொடங்கி, 2017 முதல் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாளாக நீட்டிக்கப்பட்டது. இரண்டு படகுகள் சேர்ந்து அடியோடு வாரிச் செல்லும் இரட்டைமடி வலைக்குத் தடை, கூட்டத்தையே வளைத்துச் சுருக்கும் சுருக்குமடி வலைக்குத் தமிழ்நாட்டில் தடை, அதற்கு மேல் ஊர்ப் பஞ்சாயத்தார் தங்களுக்குள் வைத்துக்கொள்ளும் கட்டுப்பாடுகள் என்று வேலி பல அடுக்காக இருக்கிறது. இந்த வேலி எவ்வளவு பூசலுக்கு உள்ளானது என்பதைக் காரைக்காலிலும் நாகப்பட்டினத்திலும் அறியாதவர் இல்லை. சுருக்குமடிக்காக ஓர் ஊரும் அதற்கெதிராக மற்றோர் ஊரும் கடலிலேயே மோதிக்கொண்டதுண்டு, உச்ச நீதிமன்றம் 2023 சனவரியில் 12 கடல் மைலுக்கு அப்பால் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் சுருக்குமடியை அனுமதித்து இடைக்கால உத்தரவிட்டதும் அந்தப் பூசலின் ஒரு கட்டமே. ஆனால் இப்பூசலில் எந்தத் தரப்பும் பங்கு பிரிக்கும் விகிதத்தை மாற்றினால் மீன் பெருகும் என்று வாதிட்டதில்லை. கடலை நேரில் அறிந்தவர்களுக்கு அது சிரிப்பை வரவழைக்கும் யோசனையாகவே இருந்திருக்கும்.

தடைக்காலத்தில் அரசு நிவாரணத் தொகை கொடுக்கிறதே, அதுவும் ஒருவகை ஊக்க ஊதியம்தானே என்று கேட்கப்படலாம். நிவாரணம், இழந்த பிடிப்புக்கு ஈடாவதில்லை என்பது ஒருபுறமிருக்க, அப்படிக் கேட்பது வரிசையை மாற்றிச் சொல்வதாகும். தொகை கொடுக்கப்படுவதால் படகு கரையில் கட்டப்படவில்லை. கட்டித்தான் ஆக வேண்டும் என்று விதி இருப்பதால் அந்த நாட்களில் அடுப்பெரியத் தொகை தேவைப்படுகிறது. ஊக்க ஊதியக் கொள்கை இந்த வரிசையையே தலைகீழாக்கி, வேலியே போடாமல் காசைக் காட்டி மாட்டைப் பயிரிலிருந்து விலக்கிவிடலாம் என்று நம்புகிறது.

இந்தியாவுக்கு இக்கொள்கையைக் கொண்டுவந்தவர்கள் இங்குள்ள நிறுவனங்களின் உடைமை அமைப்பையும் கவனிக்கத் தவறிவிட்டனர். ஜென்சன் கண்ட நிறுவனத்தில் பங்குதாரர்கள் ஆயிரக்கணக்கில் சிதறியிருந்தனர், கூலிக்கு அமர்த்தப்பட்ட நிர்வாகியிடம் அதிகாரம் குவிந்திருந்தது. இந்தியப் பட்டியலிட்ட நிறுவனங்களில் பெரும்பாலானவற்றை நிறுவியவரோ அவர் குடும்பமோ பெரும் பங்கைக் கையில் வைத்துக்கொண்டு தாமே நடத்துகின்றனர். சந்தை வழக்கில் இவர்களைப் புரமோட்டர் என்பர். பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி வகுத்துள்ள விதிகளின்படி ஊழியர்களுக்கான பங்குத் திட்டங்களில் புரமோட்டருக்கு இடமில்லை, ஏனெனில் அவர் ஏற்கனவே உடைமையாளர். நிர்வாகியை உடைமையாளராக்கிவிட்டால் நெடுநோக்கு வந்துவிடும் என்பது மெய்யானால், இந்தியா பல பத்தாண்டுகளாக நெடுநோக்கின் நாடாக இருந்திருக்க வேண்டும். 2009 சனவரியில் சத்யம் மென்பொருள் நிறுவனம் வெளிப்படுத்திய கணக்கு மோசடியும், அதற்குச் சற்று முன்பு அதன் புரமோட்டரின் அடகுப் பங்குகளைக் கடன் கொடுத்தோர் விற்றுவிட்டதும், அதன்பின் அடகு வைக்கப்பட்ட பங்குகளை வெளியிடச் செபி கட்டாயமாக்கியதும் அதற்கு மாறான சான்றைத்தான் தருகின்றன. பூட்டப்பட்ட பங்கையும் அடகு வைத்துப் பணமாக்கும் வழி சந்தைக்குத் தெரியும்.

கோட்டுச்சேரிமேட்டுக்குத் தெற்கே, அரசலாற்றைக் கடந்து, நாகூரை ஒட்டிய வாஞ்சூரில் இருக்கும் காரைக்கால் துறைமுகம் இதைவிட நெருங்கிய பாடம். சென்னையைச் சேர்ந்த மார்க் குழுமம் புதுச்சேரி அரசிடம் பல பத்தாண்டு உரிமம் பெற்றுக் கட்டிய தனியார் துறைமுகம் அது. 2009இல் இயங்கத் தொடங்கி, நிலக்கரியைப் பெருஞ்சரக்காகக் கொண்டு வளர்ந்து, கடன் சுமையைத் தாங்க முடியாமல் 2022இல் திவால் நடவடிக்கைக்கு உட்பட்டு, 2023இல் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தின் ஒப்புதலோடு 1,485 கோடி ரூபாய்க்கு அதானி துறைமுக நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்தது. எவர்மீதும் குற்றம் சுமத்த இவ்வரலாறு இங்கே எடுக்கப்படவில்லை. வர்த்தகம் எதிர்பார்ப்பை எட்டாமல் போவது எந்தத் துறையிலும் நிகழக்கூடியதே. கவனிக்க வேண்டியது, கட்டியவர் சம்பளத்துக்கு வந்தவரல்லர், உடைமையாளர், அதுவும் அவசரமாக விற்றுவிட்டு ஓட முடியாத சொத்தின் உடைமையாளர் என்பதே. கடலுக்குள் கல் கொட்டி எழுப்பிய அலைத்தடுப்புச் சுவரைவிட நீண்ட பூட்டு எந்தப் பங்குக்கும் இல்லை. அந்தப் பூட்டும் கடனைச் சரக்குக்கு முன்னால் ஓடவிடாமல் தடுக்கவில்லை. கடன் கொடுத்தோருக்கு முழுத்தொகை திரும்பவில்லை. நிலக்கரித் தூசு பற்றி நாகூர், வாஞ்சூர் மக்கள் எழுப்பிய முறையீடு எந்த உடைமையாளரின் பங்கு விலையிலும் ஏறவில்லை. துறைமுகமோ அதே இடத்தில் இருக்கிறது. ஒரு நிறுவனத்தின் சொத்துக்கும் அது விட்டுச்செல்லும் விளைவுக்கும் இருக்கும் ஆயுள் அதன் பங்குதாரர் பட்டியலுக்கு இருப்பதில்லை என்பதால், பங்கை அளவுகோலாகக் கொண்டு நெடுங்காலத்தை அளக்கப் புகுவது முழத்தால் ஆற்றின் ஆழத்தை அளப்பது போன்றது.

தமிழ்நாடு இதை ஒரு நூற்றாண்டுக்கு முன்பே கண்டிருக்கிறது. 1906 அக்டோபரில் சென்னையில் வீழ்ந்த அர்புத்நாட் வணிக இல்லம் வரம்பற்ற பொறுப்புக் கொண்ட கூட்டாளிகளால் நடத்தப்பட்டது. அதாவது நிறுவனம் நொடித்தால் கூட்டாளியின் வீடும் நிலமும் சேர்ந்தே போகும். எந்தப் பங்குப் பூட்டும் இதைவிடக் கடுமையான பிணைப்பை உண்டாக்க முடியாது. ஆயினும் இலண்டன் கூட்டாளியின் சூதாட்ட முதலீடுகள் நிற்கவில்லை, ஓய்வூதியக்காரர்கள் முதல் வக்கீல்கள் வரை ஆயிரக்கணக்கானோரின் வைப்புத்தொகை கரைந்தது. அந்த வீழ்ச்சிக்குப் பின் வி. கிருஷ்ணசாமி ஐயரும் மற்றவர்களும் 1907இல் இந்தியன் வங்கியைத் தொடங்கினர். நூறாண்டு கழித்து அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் வீழ்ந்தபோதும் இதே வாதப் பிரதிவாதம் எழுந்தது: பெப்சக்கும் உடனாய்வாளர்களும் அதன் உச்ச நிர்வாகிகள் ஐவர் 2000 முதல் 2008 வரை ஏறத்தாழ 100 கோடி டாலரைக் கைக்கு எடுத்துக்கொண்டனர் என்று காட்டி, பூட்டு நீண்டிருந்தால் நடத்தை மாறியிருக்கும் என்றனர், ஃபாலன்பிராக்கும் ஸ்டல்சும் 2011இல் பல வங்கிகளை ஒப்பிட்டு, பங்குதாரர் நலனோடு தலைமை அதிகாரியின் ஊதியம் நெருக்கமாக இணைந்திருந்த வங்கிகள் நெருக்கடியில் மேலாக நடந்துகொள்ளவில்லை என்றும், அவ்வதிகாரிகள் பெருமளவு பங்குகளை விற்காமலே வைத்திருந்து தாமும் இழந்தனர் என்றும் கண்டனர். முதல் தரப்பு எடுத்த பணத்தை எண்ணுகிறது, இரண்டாம் தரப்பு விட்டுவைத்து இழந்ததை எண்ணுகிறது. இரண்டையும் சேர்த்துப் படிப்பவருக்குப் பேராசையைவிடவும் மிகைநம்பிக்கையே பெரிய வியாதியாகத் தெரியும். தாம் செய்வது சரியென்று முழுமனதாக நம்புகிறவரின் சொந்தப் பணத்தைப் பிணை வைத்தால் அவர் அதையும் சேர்த்தே மூழ்கடிப்பார்.

திரும்பப் பெறும் விதியைப் பற்றியும் மிகைப்பட்ட எதிர்பார்ப்பு நிலவுகிறது. யெஸ் வங்கியின் நிறுவனரும் தலைமை அதிகாரியுமாக இருந்த ராணா கபூருக்கு 2014-15, 2015-16 ஆகிய ஆண்டுகளில் வழங்கிய ஊக்கத்தொகையை அவ்வங்கி 2019இல் திரும்பக் கோரியது, தொகை 1.44 கோடி ரூபாய். 2020 மார்ச்சில் அதே வங்கி தடைக்கு உள்ளாகி, வைப்பாளர்கள் 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாமல் நின்றனர். வங்கி நொடித்தால் முதலில் மதிப்பிழக்கும் வகையைச் சேர்ந்த 8,415 கோடி ரூபாய்க் கடன் பத்திரங்கள் ஒரேயடியாகத் தள்ளுபடி செய்யப்பட்டு, அது நீதிமன்றம் ஏறியது. 1.44 கோடியையும் 8,415 கோடியையும் அடுத்தடுத்து எழுதிப் பார்ப்பவர் திரும்பப் பெறும் விதியைப் பாதுகாப்பு என்று அழைக்கத் தயங்குவர். அவ்வங்கியின் பாதையை மாற்றிய முதல் நடவடிக்கை எது என்று பார்த்தால், அது 2018 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி தலைமை அதிகாரியின் பதவிக்காலத்தை 2019 சனவரிக்கு மேல் நீட்டிக்க மறுத்ததுதான். அது ஊதிய விதியன்று, வெளியிலிருந்து போடப்பட்ட தடை. அதுவும் சில ஆண்டுகள் முன்பே வந்திருக்க வேண்டிய தடை.

நீண்ட பதவிக்காலம் கொடுத்துவிட்டால் போதும் என்று சிலர் வேறு பக்கம் சாய்வதுண்டு. அதற்கு உள்கட்டமைப்பு நிதி நிறுவனமான ஐஎல் அண்ட் எஃப்எஸ் குழுமமே விடை சொல்கிறது. சிதம்பரத்துக்கு அருகே பரங்கிப்பேட்டைக் கடற்கரையில் அனல்மின் நிலையம் நிறுவிய அக்குழுமத்தின் தலைமை ஏறத்தாழ முப்பதாண்டு ஒரே கையில் இருந்தது. தாய் நிறுவனத்தின் பங்குகளோ சந்தையில் விலைபோகும் பங்குகளல்ல, ஆயுள் காப்பீட்டுக் கழகம் போன்ற நிறுவனங்கள் பொறுமையாக வைத்திருந்தவை. காலாண்டு அழுத்தம் என்று குறை சொல்ல அங்கே இடமில்லை. 2018இல் அது தவணை தவறியபோது குழுமத்தின் கடன் 90,000 கோடி ரூபாயைத் தாண்டியிருந்தது.

ஊதிய வடிவமே தீர்வென்பவர்கள், இந்தியச் சட்டம் ஊதியத்தை எதோடு கட்டிவைத்திருக்கிறது என்பதையாவது முதலில் பார்த்திருக்கலாம். 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 197ஆம் பிரிவின்படி பொது நிறுவனம் தன் இயக்குநர்களுக்கும் மேலாளருக்கும் வழங்கும் மொத்த ஊதியம் அந்த நிதியாண்டின் நிகர இலாபத்தில் 11 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, ஒரே நிர்வாக இயக்குநர் இருந்தால் அவருக்கு 5 விழுக்காடு. தாண்ட வேண்டுமானால், 2018இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு மத்திய அரசின் அனுமதி தேவையில்லை, பங்குதாரர் கூட்டத்தின் தீர்மானம் போதும். அளவுகோல் ஓராண்டு இலாபம். 1956ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அதே 11தான், அதே ஓராண்டுதான். பொதுத்துறையிலோ 2017 ஊதியத் திருத்தத்தின்படி செயல்திறன் ஊதியம் அவ்வாண்டு இலாபத்தையும் முந்தைய ஆண்டைவிடக் கூடிய இலாபத்தையும் கொண்டு பிரிக்கப்படுகிறது. தலைவரோ ஐந்தாண்டுக்கோ ஓய்வு வயதுக்கோ, எது முந்துகிறதோ அதுவரைதான் இருப்பார்.

அப்படிப்பட்ட ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் காவிரிப் படுகை அலுவலகம் காரைக்கால் மாவட்டத்து நிரவியிலேயே இருக்கிறது. எண்ணெய் எரிவாயு நிறுவனமான ஓஎன்ஜிசி டெல்டாவில் தோண்டிய கிணறுகளில் ஒவ்வொன்றும் என்றாவது வறண்டுபோகும். அன்று குழாயைச் சிமெண்டால் அடைத்து, தளத்தைப் பழையபடி விளைநிலமாக்கித் தர வேண்டும். அந்தச் செலவு வரும்போது இன்றைய தலைவரின் ஓய்வூதியமும் முடிந்து போயிருக்கலாம். இதற்கு எந்த ஊதியத் திட்டத்தாலும் விடை காண முடியாது, பங்கைப் பத்தாண்டு பூட்டினாலும் கிணற்றின் ஆயுள் அதைவிடப் பெரிது. சட்டம் இதற்கு வேறு வழி கண்டது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 33ஏபிஏ பிரிவும் 1999ஆம் ஆண்டுத் தள மீட்பு நிதித் திட்டமும், கிணறு மூடும் செலவுக்கான பணத்தை இலாபம் வரும் காலத்திலேயே பாரத ஸ்டேட் வங்கியில் தனிக் கணக்கில் போட்டு வைக்க வகை செய்தன. அப்பணத்தைத் தள மீட்புக்கன்றி வேறெதற்கும் எடுத்தால் வரி திரும்ப வந்து பிடிக்கும். அங்கே உள்ள தொகை போதுமானதா என்பது தனிக் கேள்வி, காவிரிக் கரையில் எண்ணெய்க் கிணறு தோண்டுவதே தகுமா என்பது அதைவிடப் பெரிய கேள்வி. ஆயினும் அந்தக் கணக்கு நிர்வாகியின் நற்குணத்தையோ அவருடைய பங்குக் கையிருப்பையோ சார்ந்து நிற்கவில்லை. எவர் வந்தாலும் எவர் போனாலும் பணம் வங்கியில் கிடக்கும். கடலில் தடைக்காலம் செய்வதை நிலத்தில் இது செய்கிறது.

படகின் கணக்கையும் நிறுவனத்தின் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சீர்திருத்தம் எங்கே தொடங்க வேண்டும் என்பது விளங்கும். படகில் டீசலும் ஐஸும் கழிந்த பிறகே பங்கு பிரிக்கப்படுகிறது. செலவைக் கழிக்காமல் பங்கு கேட்பவரை உடன் சென்ற ஆட்களே விடமாட்டார்கள். நிறுவனத்தில் இன்றைய டீசல் கழிகிறது, முப்பதாண்டு கழித்து வரப்போகும் டீசல் பெரும்பாலும் ஏட்டில் மட்டும் எழுதப்படுகிறது அல்லது எழுதப்படாமலே போகிறது. அதற்குள் பங்கு பிரிந்துவிடுகிறது. 197ஆம் பிரிவின் 11 விழுக்காட்டைக் கணக்கிடும் 198ஆம் பிரிவில் திருத்தம் கொண்டுவந்து, துறைமுகமானால் தூர்வாரலுக்கும் தூசுக் கட்டுப்பாட்டுக்கும், சுரங்கமும் கிணறுமானால் மூடும் செலவுக்கும், எல்லா நிறுவனங்களுக்கும் தொழிலாளரின் பணிக்கொடைக்கும் வேண்டிய தொகை, இயக்குநர் குழுவின் கைக்கு எட்டாத கணக்கில் ரொக்கமாகப் போய்ச் சேர்ந்த பிறகே நிகர இலாபம் என்று ஒன்று எண்ணப்பட வேண்டும் என்று விதிக்கலாம். ஏட்டில் எழுதிய ஒதுக்கீடு போதாது. திவாலாகும் நாளில் ஏடு எவருக்கும் சம்பளம் தராது.

அதேபோல் 199ஆம் பிரிவு இன்று, மோசடியாலோ சட்ட மீறலாலோ கணக்கைத் திருத்தி எழுத நேர்ந்தால் மட்டுமே மிகையான ஊதியத்தைத் திரும்பப் பெறச் சொல்கிறது. கணக்கு நேராக இருந்து நிறுவனம் கடனில் மூழ்கினால் அது வாய் திறப்பதில்லை. திவால் சட்டத்தின் 43ஆம் பிரிவு தொடர்புடையோருக்குச் செய்த முன்னுரிமைக் கொடுப்பனவுகளை ஈராண்டு பின்னோக்கிப் பார்த்தாலும், வழக்கமான வணிகப் போக்கில் நடந்தவற்றுக்கு விலக்கு அளித்திருப்பதால், தலைமை நிர்வாகியின் வழக்கமான சம்பளமும் ஊக்கத்தொகையும் பெரும்பாலும் தப்பிவிடும். அந்த விலக்கை உயர் நிர்வாகிகளின் மாறும் ஊதியத்துக்கும் புரமோட்டர்களின் ஈவுத்தொகைக்கும் பொருந்தாதபடி திருத்தி, பின்னோக்கும் காலத்தை ஐந்தாண்டாக்குவது நாடாளுமன்றத்தின் கையில் இருக்கும் வேலை. இது ஊதியத்தைப் பற்றிய சட்டம் போலத் தோன்றினாலும் நிர்வாகியின் மனத்தை மாற்றும் ஆசை இதில் இல்லை. கடன் கொடுத்தவருக்கும் கூலி பாக்கி உள்ளவருக்கும் போக வேண்டிய பணம் முன்கூட்டியே வெளியேறாமல் தடுப்பது ஒன்றே இதன் வேலை.

இவற்றைச் செய்த பிறகு பங்கைப் பத்தாண்டு பூட்டுவோர் பூட்டிக்கொள்ளலாம், அதனால் கேடில்லை. இவற்றைச் செய்யாமல் பூட்டை மட்டும் நீட்டுவதைச் சீர்திருத்தம் என்று ஏற்க இயலாது. ஏப்ரல் 15 அன்று காரைக்கால் மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் கட்டப்படும்போது, எந்தப் படகுக்காரரிடமும் அவருடைய நோக்கு நெடியதா குறுகியதா என்று மீன்வளத் துறை கேட்பதில்லை.